மருமகனின் காதும் பன்னிரண்டு வோல்ட்டும்

முதல் நாள், புதன்: கோயம்புத்தூர்

பழைய டிவி வாங்கப் போகும்போது கூடவே ஒரு சிறுவனை அழைத்துப் போக வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். ஸ்பின்னிங் கூடத்து இரைச்சல் என் காதின் மேல்வரிசையை அரித்துத் தின்றுவிட்டது. பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். பிக்சர் டியூப் வைத்த டிவி ஓடும்போது ஊசி முனையாக ஒரு சத்தம் எழுமே, அது மட்டும் கேட்பதில்லை.

நம் நாட்டு டிவிப் படத்தில் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. ஒரு நொடிக்குள் அத்தனை தடவை எலெக்ட்ரான் கற்றை திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடித் திரும்ப வேண்டும். ஓட்டுகிற டிரான்ஸ்ஃபார்மரை மெக்கானிக்குகள் ஈஎச்டி என்பார்கள். அது அதே வேகத்தில் அதிர்ந்து கத்தும். படமே வராவிட்டாலும் கத்தல் கேட்டால் பெட்டிக்குள் பாதி உயிர் இருக்கிறது என்று பொருள். முன்பெல்லாம் எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று தெருவில் நடந்துகொண்டே சொல்லிவிடுவேன்.

இப்போது அந்த வேலையை அக்கா மகன் பார்க்கிறான். பதினான்கு வயது, காலாண்டு விடுமுறை. கூலி: தினமும் ஒரு வேளை பரோட்டா, ஜன்னலோர சீட்டு. ஐந்து நாள் லீவு போட்டு இருவரும் கிளம்பியிருக்கிறோம். தேடுவது போர்ட்டபிள் டிவி.

போர்ட்டபிள் என்றால் எது என்று ஒரு வார்த்தை. எண்பதுகளில் நம் ஊரில் பதினான்கு அங்குலக் கருப்பு வெள்ளைப் பெட்டியையே போர்ட்டபிள் என்றுதான் விற்றார்கள். ஷட்டர் வைத்த இருபது அங்குல மரப் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது போர்ட்டபிள்தான். என் கணக்கில் அது சேராது. மேலே கைப்பிடி இருக்க வேண்டும், ஒரு கையால் தூக்க முடிய வேண்டும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். வெளிநாட்டில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் 1970-இல் ஜேவிசி செய்த உருண்டையான வீடியோஸ்ஃபியரைத் தேடி அலைகிறார்கள். விண்வெளி வீரரின் தலைக்கவசம் போல இருக்கும். நான் அதற்கெல்லாம் ஆசைப்படுவதில்லை. நம் பக்கத்தில் புழங்கி, நம் பக்கத்துத் தூசி படிந்த பெட்டிதான் எனக்கு வேண்டும்.

காலையில் உக்கடம். பழைய இரும்புக் கடைகளில் ஏழெட்டுப் படியேறி இறங்கினோம். டிவி என்றதும் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக்கில் செம்புக் கம்பி இருக்கிறது, அதை உருவிக்கொண்டு மீதியை உடைத்துவிடுவார்கள். ஒரு கடைக்காரர் சொன்ன கணக்கு எனக்குச் சரியென்றே படுகிறது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று வருடத்துக்குக் கருப்பு வெள்ளைப் பெட்டிகள் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்தனவாம். அதில் டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிப் பெட்டிகளே அதிகம். “அப்போதே வந்திருக்க வேண்டும் நீங்க” என்றார். அப்போது நான் எங்கே இருந்தேன்? என் வீட்டுப் பெட்டியை நானே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பெட்டி கிடைத்தது. ஐந்தரை அங்குல சீனப் பெட்டி, ரேடியோவும் சேர்ந்தது, கைப்பிடி ஒடிந்திருந்தது. பையிலிருந்து ஏழு ஆம்பியர் பேட்டரியை எடுத்து இணைத்தேன். “கத்துகிறது மாமா” என்றான் பையன். திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, குறுக்காக. வெர்டிகல் பகுதி செத்திருக்கிறது, அவ்வளவுதான். இருநூறு ரூபாய். வீட்டில் போட்டுவிட்டு நாளை பொள்ளாச்சி.

இரண்டாம் நாள், வியாழன்: பொள்ளாச்சி, உடுமலை

சந்தை நாள் என்று தெரிந்தே போனேன். மாடு வந்திருந்தது, தேங்காய் வந்திருந்தது, கயிறு வந்திருந்தது. டிவி வரவில்லை. பழைய சாமான் விரித்திருந்த ஒருவரிடம் ரிமோட் மட்டும் ஒரு கூடை இருந்தது. மதியம் மழை.

உடுமலைக்கு வரும் வழியில் ஒரு விளையாட்டு விளையாடினோம். மொட்டை மாடிகளில் இன்னும் துருப்பிடித்து நிற்கிற ஆன்டெனாக்களை எண்ணுவது. பையன் பதினொன்று, நான் ஏழு. அவை எல்லாம் கொடைக்கானல் பக்கம் பார்த்தே நிற்கின்றன. அந்த மலை மேலிருந்த தூர்தர்ஷன் கோபுரம்தான் இந்தப் பக்கத்துக்குப் படம் அனுப்பியது. கோபுரம் அனுப்பிய பழைய அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகும் கம்பிகள் திரும்பிக்கொள்ளவில்லை. ஒன்றில் பீர்க்கங்கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது.

ஆன்டெனாவைப் பார்த்தே அது எந்தச் சேனலுக்கு வைத்தது என்று ஓரளவு சொல்லலாம். நடுவில் வளைத்துவிட்ட கம்பி அலைநீளத்தில் பாதி இருக்கும். இரண்டேகால் மீட்டர் நீளம் கிடந்தால் நான்காம் சேனல் பக்கம். இரண்டு முழம் என்றால் ஐந்தும் அதற்கு மேலும். பையனுக்கு இது பிடித்துவிட்டது. லாட்ஜ் ஜன்னலிலிருந்து இப்போதும் எதிர் மாடியை அளந்துகொண்டிருக்கிறான்.

மூன்றாம் நாள், வெள்ளி: தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம்

மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவருடைய பெரியம்மா வீடு. “அட்டாலியில் ஒரு அமெரிக்கா டிவி கிடக்கிறது, போய்ப் பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாராபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, அதற்கு மேல் ஒரு மைல் நடை. இருபுறமும் கிளுவை வேலி, உள்ளே மேய்ச்சல் நிலமான கொறங்காடு, வெள்வேல மரத்தடியில் நாலைந்து மாடுகள். பையன் நகரத்துப் பிள்ளை. வேலி உயிரோடு இருக்கிறது, துளிர்விட்டிருக்கிறது என்பதையே நம்ப மறுத்தான்.

அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆசாரத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். வந்த காரியத்தைப் பேசவிடாமல் முதலில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வந்தன. “பையன் காய்ந்து கிடக்கிறானே தம்பி, சோறு போடுவதே இல்லையா?” என்று எனக்குத்தான் திட்டு. பரோட்டாக் கணக்கை நான் சொல்லவில்லை.

பிறகு அட்டாலியிலிருந்து பெட்டி இறங்கியது. பழைய வேட்டியில் சுற்றி, அதற்கு மேல் உரச்சாக்கு. அவிழ்க்க அவிழ்க்க எனக்கு மூச்சு முட்டியது. பானாசோனிக், ஐந்து அங்குலம், அமெரிக்காவில் விற்றது. வெள்ளிச் சட்டம், மேலே மடங்கும் கைப்பிடி, முன்னால் 2 முதல் 13 வரை எண் போட்ட சேனல் குமிழ். அம்மாவின் தம்பி அமெரிக்காவில் படித்துவிட்டு 1983-இல் திரும்பியபோது கொண்டுவந்தது.

இந்த மாதிரிப் பெட்டிகளின் வம்ச வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் படபடப்பு புரியாது. பேட்டரியில் ஓடிய முதல் டிரான்சிஸ்டர் டிவி 1959-இல் அமெரிக்காவின் ஃபில்கோ செய்த சஃபாரி. அதில் டியூப் இரண்டே அங்குலம், படத்தைக் கண்ணாடியில் பிரதிபலித்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நேராகத் திரையைப் பார்க்கிற மாதிரி முதலில் செய்தது சோனி, எட்டு அங்குலம். 1960-இல் கடைக்கு வந்தது. இரண்டு வருடத்தில் அவர்களே ஐந்து அங்குலத்துக்கு இறங்கிவிட்டார்கள். அப்போது நம் நாட்டில் டெல்லியில் மட்டும்தான் ஒளிபரப்பு, அதுவும் 1959 செப்டம்பரில் பரிசோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. தாராபுரத்துக்கு? அதைத்தான் அந்த அம்மா சொன்னார்.

1983-இல் பெட்டி வந்து இறங்கியபோது இந்தப் பக்கத்தில் அதற்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. சென்னையின் அலை இங்கே எட்டாது. ஊரே திரண்டு வந்து இந்த ஆசாரத்தில் உட்கார்ந்ததாம். தம்பி பேட்டரியை இணைத்துக் குமிழைத் திருகினார். திரை முழுக்க வெள்ளைப் பொரி, ஸ்பீக்கரில் மழை இரைச்சல். “அமெரிக்காவில் மழை பெய்கிறது போல” என்று யாரோ சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு சில வருடம் பெட்டி சும்மா இருந்தது.

அதற்குப் பிறகு அலை வந்தது. வந்தும் வம்பு. பெட்டி அமெரிக்க முறை, நம்முடையது வேறு முறை. இரண்டிலும் படத்தின் அலைவரிசை சில இடங்களில் ஒத்துப்போகும். அமெரிக்காவின் ஏழாம் சேனலும் நம் ஐந்தாம் சேனலும் ஒரே இடம், 175.25 மெகாஹெர்ட்ஸ். கோடுகளின் எண்ணிக்கை கொஞ்சம் வேறு, அவர்களுக்கு 525. நொடிக்கு எத்தனை படம் என்பதும் வேறு. ஆனால் வெர்டிகல் குமிழைத் திருகிப் படத்தை நிறுத்திவிடலாம். சத்தத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் சத்தத்தைப் படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைக்கிறார்கள், நாம் 5.5 தள்ளி வைக்கிறோம். பெட்டி தேடுகிற இடத்தில் சத்தம் இருக்காது.

ஆகவே இந்த வீட்டில் படம் மட்டும் வந்தது. பக்கத்துச் சாளையில் டயனோரா வாங்கியிருந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளிக்கிழமை இரவு பாட்டு நேரத்தில் பெட்டியை வாசல் திண்ணைக்குத் தூக்கி வந்து, அந்த வீட்டுக்காரரைச் சத்தத்தை ஏற்றிவைக்கச் சொல்லி, அங்கிருந்து பாட்டைக் கேட்டு இங்கே ஆட்டத்தைப் பார்த்தார்கள். தூக்கிப் போகிற டிவிக்கு இதைவிட உருப்படியான பயன்பாட்டை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அங்கே போயே பார்த்திருக்கலாமே என்றான் பையன். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் இரு வீட்டுக்கும் நடுவே இருந்த வரப்புத் தகராறு முழுவதும் இருந்தது.

விலைக்கு வந்தோம். பெங்களூரில் இருக்கிற பேரன் கைபேசியில் பார்த்துச் சொல்லிவிட்டானாம். ஐயாயிரம். நான் மூவாயிரத்தில் ஆரம்பித்தேன். அம்மா பேசவே இல்லை, வெற்றிலையை நீவிக்கொண்டிருந்தார். மூவாயிரத்து ஐநூறு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. நாலாயிரம். பாக்கு. நாலாயிரத்து இருநூறு என்றதும் “உங்களுக்காகத்தான்” என்றார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பணத்தைக் கொடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் கழற்றுங்க தம்பி.” நியாயம்தான்.

ஓட்டிப் பார்க்க மட்டும் சம்மதித்தார். பேட்டரியை இணைத்தேன். பையன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தான். “கத்துகிறது.” ஒரு நிமிடம் பொறுத்துத் திரை வெளுத்தது. என் பையில் மாடுலேட்டர் ஒன்று உண்டு. கைபேசிப் படத்தைப் பழைய ஒளிபரப்பு போல மாற்றிக் கொடுக்கும். அதன் வயரை ஆன்டெனாக் கம்பியில் சுற்றிக் குமிழைத் திருகினேன். குமிழ் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை வருடத்தில் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஓர் இடத்தில் படம் குதித்து நின்றது, பாட்டும் கணீரென்று வந்தது. நாற்பது வருடப் பெட்டி! நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

தாராபுரம் லாட்ஜ். இரவு பத்தரை. மேலே உள்ளதை எழுதி முடித்துப் பையனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டான்: “சத்தம் வராது என்று நீங்கள்தானே மாமா எழுதியிருக்கிறீர்கள்?”

என் மாடுலேட்டர் நம் நாட்டு முறைக்கானது, 5.5. அமெரிக்கப் பெட்டி ஊமையாக இருந்திருக்க வேண்டும். பாட்டு எப்படி வந்தது?

திருப்புளியைத் தேடுகிறேன். மீதி நாளை.

நான்காம் நாள், சனி: தாராபுரம்

நாலு திருகு. பின்மூடி கழன்றதும் புரிந்துவிட்டது. வெள்ளிச் சட்டமும் கைப்பிடியும் மட்டும் பானாசோனிக். உள்ளே இருப்பது சீனப் பலகை, சீன டியூப். நேற்று உக்கடத்தில்... இல்லை, புதன்கிழமை உக்கடத்தில் இருநூறு ரூபாய்க்கு வாங்கினேனே, அதே சரக்கு. நாலாயிரத்து இருநூறு.

அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பையன் பரோட்டா கேட்கவில்லை. அந்த அளவுக்கு நிலைமை மோசம்.

கோபம் கொஞ்சம் தணிந்ததும் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வேறு மாதிரி ஆகிவிட்டது. டியூப் ஐந்தரை அங்குலம், சட்டம் ஐந்து அங்குலத்துக்கானது. சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றிலும் அரம் போட்டு, ஒரு மில்லிமீட்டர் கூடத் தவறாமல் ராவியிருக்கிறார்கள்.  சேனல் குமிழ் அமெரிக்கப் பெட்டியில் கடக் கடக்கென்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். நேற்று அது வழுக்கியதை நான் தேய்மானம் என்று நினைத்தேன். இங்கே அதன் அச்சில் ஒரு மர நூற்கண்டை மாட்டி, ரேடியோ முள்ளுக்குப் போடுகிற நூலை எட்டு வடிவத்தில் சுற்றி, சீன டியூனரின் சக்கரத்தோடு இணைத்திருந்தார்கள். நூல் தளராமலிருக்க ஒரு சிறிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் பேனாவுக்குள்ளிருந்து எடுத்தது. பலகையைத் தாங்க நான்கு மூலையிலும் மூங்கில் சில்லு, ஒவ்வொன்றும் வார்னிஷ் பூசியது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று வார்னிஷ் பூசினார்?

காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “சத்தம் வரவைத்துக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக்” என்று சாதாரணமாகச் சொன்னார். நேற்று ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே தம்பி.”

கடை இருந்தது. ஆளும் இருந்தார். இப்போது மிக்சியும் எல்இடி பல்பும் பார்க்கிறார், எழுபது வயதை ஒட்டி. பெட்டியை மேசை மேல் வைத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். “இன்னும் ஓடுகிறதுங்களா?”

அவர் சொன்னது: முதலில் வந்தபோது சத்தம் மட்டும் வேண்டும் என்று கேட்டார்கள். 4.5-க்கு இருந்த ஒலிச் சுருளை 5.5-க்கு மாற்றிச் சுற்றினார். அதற்கே மூன்று நாள். சுருளில் ஒரு சுற்று கூடினாலும் கரகரக்கும், ஒரு சுற்று குறைந்தாலும் கரகரக்கும். அது ஏழெட்டு வருடம் நன்றாக ஓடியது. ஒரு கோடையில் ஈஎச்டி வெடித்துவிட்டது. அமெரிக்கப் பெட்டிக்கு அந்தப் பாகம் கோயம்புத்தூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. வேறு பெட்டியின் ஈஎச்டி பொருந்தாது, ஒவ்வொன்றும் தன் டியூபுக்கென்றே சுற்றியது. வீட்டுக்காரர், அந்த அம்மாவின் கணவர், “மச்சான் கொண்டுவந்தது, வெளியே பார்த்தால் அதே பெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யுங்க” என்றாராம். சீனப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து பிரித்து, ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மாற்றினார். வாங்கிய கூலி எவ்வளவு என்று கேட்டேன். நூற்றைம்பது.

பழைய பாகங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது குரலில் ஆசை தெரியாமல் பார்த்துக்கொண்டேன். டியூப் உடைந்துவிட்டது, பலகையிலிருந்து டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்திவிட்டார். “ஸ்பீக்கர் மட்டும் இருக்கிறதுங்க” என்று தலைக்கு மேலே காட்டினார். அலமாரியில் மூடியில்லாத ஒரு ரேடியோ, கோவை வானொலி நிலையம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குள் நீள்வட்டமாக அந்த ஸ்பீக்கர், காகிதக் கூம்பின் ஓரத்தில் நகப்பூச்சு போட்டு ஒட்டிய கிழிசல்.

விலை கேட்க வாய் வந்தது. கேட்டேன்தான், மறைப்பானேன். “இருபத்தைந்து வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறேனுங்க” என்றார். அதற்குமேல் பேரம் பேச நான் அந்த அம்மா இல்லை.

கிளம்பும்போது பேனா ஸ்பிரிங்கை அவர் விரலால் ஒருமுறை இழுத்துவிட்டார். நூல் சிணுங்கியது. இன்னும் பத்து வருடம் தாங்கும் என்றார். பஸ்ஸில் பையன் கேட்டான்: “ஏமாந்துவிட்டோமா மாமா?” காங்கேயம் வரும்வரை யோசித்தேன். அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

ஈரோட்டில் இரவு தங்கல். கூட்டமான ஊர், ஒன்றும் தேடவில்லை. கால் வலி.

ஐந்தாம் நாள், ஞாயிறு: திருச்செங்கோடு

நேற்றைய கணக்கில் மனம் இன்னும் ஆறவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் திருச்செங்கோட்டை விட்டுவிட்டுப் போனால் இந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை. கொங்கு நாட்டில் குட்டி டிவியை வைத்துப் பிழைத்தவர்கள் என்றால் அது ரிக் வண்டிக்காரர்கள்தான். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடப் போவது இந்த ஊர் வண்டிகள். துளை போடுகிற லாரி ஒன்று, கம்ப்ரஸர் லாரி ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஆள், மாதக்கணக்கில் காட்டிலும் மேட்டிலும் வாசம். மின்சாரம் கிடையாது, லாரி பேட்டரி மட்டும் உண்டு.

ஆயுத பூஜை நெருங்குவதால் வண்டிகள் ஊருக்குத் திரும்பி நிற்கின்றன. சங்ககிரி சாலையில் ஒரு பட்டறையில் ஒரு பழைய ரிக் கண்ணில் பட்டது. பெயின்ட் உரிந்து, டயர் இல்லாமல், கட்டை மேல் நிற்கிறது. அதன் ஓட்டுநராக இருந்தவரும் சமையல்காரராக இருந்தவரும் அந்தப் பட்டறையிலேயே இப்போது காவலும் கணக்குமாக இருக்கிறார்கள். டிவியைப் பற்றிக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் வண்டிக்குள் ஏறி, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

ஐந்தரை அங்குல சீனப் பெட்டி. மறுபடியும்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து நிறமே தெரியவில்லை. வயரின் முனையில் பிளக் இல்லை, இரண்டு முதலைக் கிளிப்.

லாரியில் 24 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்டிருப்பார்கள். டிவிக்கு 12 போதும். ஆகவே கிளிப்பை ஒரே ஒரு பேட்டரியில் மாட்டிவிடுவார்கள், எப்போதும் கைக்கு எட்டுகிற அதே பேட்டரியில். அது மட்டும் இறங்கிப்போகும், மற்றது நிறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் ஏற்றும்போது நிறைந்தது கொதிக்கும், இறங்கியது பட்டினி கிடக்கும். வருடத்துக்கு ஒரு பேட்டரி போய்விடுமாம். “முதலாளி கடைசிவரை பேட்டரிக் கடைக்காரரைத்தான் திட்டினார்” என்றார் ஓட்டுநர், குரலைத் தாழ்த்தி. முதலாளி காலமாகிப் பத்து வருடம் ஆகிறது.

பையன் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். “மாமா, இங்கே எழுதியிருக்கிறது.”

சேனல் முள் ஓடுகிற கண்ணாடிக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டியிருந்தார்கள், காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரி. அதில் பேனாவால் சிறு சிறு கோடுகள், கோட்டுக்குக் கோடு ஓர் எழுத்து. நாக். இந். ரா. பி. ஜோ. கோ. சில இடங்களில் அடித்துத் திருத்தம், ஒன்றின் மேல் ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

ஊர்கள். நாக்பூரில் போர் போடும்போது முள்ளை எங்கே வைத்தால் படம் வரும், இந்தூரில் எங்கே, ராய்ப்பூரில் எங்கே, பிலாஸ்பூரில், ஜோத்பூரில். ஊருக்கு ஊர் ஒளிபரப்புச் சேனல் வேறு. ஒவ்வொரு முறையும் இருட்டில் தேடாமலிருக்க அடையாளம் செய்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் பிளாஸ்திரியில் பாதி இந்தியா கிடந்தது.

என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கிரிக்கெட், செய்தி, புரிகிற அளவுக்கு இந்தி. ஆனால் காத்திருந்தது ஞாயிறு மதியத்துக்கு. தூர்தர்ஷனில் அப்போது ஞாயிறு மதியம் ஏதாவது ஒரு மாநில மொழிப் படம் போடுவார்கள். இன்றைக்கு வங்காளம், அடுத்த வாரம் ஒடியா, இன்னொரு வாரம் அசாமி. தமிழ் எப்போது வரும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஒருமுறை ராஜஸ்தானில் தமிழ் முறை வந்த ஞாயிறன்று எழுநூறு அடியில் துளை போடுகிற பிட் மாட்டிக்கொண்டதாம். கம்ப்ரஸர் இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பத்தாம் வகுப்புப் படித்த ஹெல்பர் ஒருவன் தமிழில் மாற்றிக் கத்தினானாம். தமிழ்ப் படத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு.

விலை கேட்டேன். “இதற்கெல்லாம் என்னங்க” என்றார்கள். முந்நூறு கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சமையல்காரர் மடியில் செருகிக்கொண்டார். பேட்டரியை இணைத்தேன். திரை இருட்டு. பையனைப் பார்த்தேன். அவன் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்து வெகுநேரம் இருந்தான்.

“இல்லை மாமா. ஒன்றும் இல்லை.”

பரவாயில்லை. கண்டென்சர் காய்ந்திருக்கும், அல்லது ஃப்யூஸ். பிளாஸ்திரி மேல் கை படாமல் பெட்டியைத் துண்டில் சுற்றும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மற்ற ஐந்துக்கும் ஊர் சொன்னீர்கள், கடைசியில் இருக்கிற “கோ” எந்த ஊர்?

“கோட்டா” என்றார் ஓட்டுநர், யோசிக்காமல். “ராஜஸ்தான்.”

“கோட்டாவில் நாம் எங்கே போர் போட்டோம்? கோரக்பூர் அது” என்றார் சமையல்காரர்.

“கோரக்பூருக்கு இந்த வண்டி போகவே இல்லை. அது பெரிய வண்டி.”

“அந்த வருடம் அரிசி கிடைக்காமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியாதா?”

ஈரோடு பஸ் வருகிறதென்று பையன் கையைப் பிடித்து இழுத்தான். ஓடிப்போய் ஏறினோம். பஸ் நகர்ந்தபோது இருவரும் பட்டறை வாசலில் நின்று இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் முந்நூறு ரூபாயை மடியிலிருந்து எடுத்து, பந்தயம் கட்டுகிற மாதிரி ஓட்டுநர் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தார்.